எறும்பு என்று எழுதிய இடங்கள்

1998 டிசம்பர் 7, திங்கட்கிழமை. கொல்லிமலை, வாழவந்தி நாடு. காலை 6.20-க்கு பிலிப் என்பவர் தன் பைக்கில் நாமக்கல்லுக்குக் கிளம்பினார்.

இதன் பிறகு வரும் நேரங்களில் பெரும்பாலானவை யாருடைய ஞாபகத்திலிருந்தும் சொன்னவை அல்ல. ஒரு தாள்சுருளில் பேனா முனை இழுத்த கோட்டிலிருந்து எடுத்தவை. அந்தச் சுருள் இன்றும் இருக்கிறது. பார்த்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். நம்பாதவர்களும் நேரங்களை மறுத்ததில்லை.

பிலிப்புக்கு வயது முப்பத்தாறு. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மலையில் மின்கம்பி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மேன். மனைவி ரோஸ்லின் அங்கே அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. ஐந்து வருடமாக, பள்ளி விட்ட நேரமெல்லாம், திருச்சியில் ஒரு கல்லூரியில் பதிவு செய்துகொண்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தார் ரோஸ்லின். வாடகை வீட்டின் பின்னறைதான் ஆய்வுக்கூடம்.

ஆராய்ச்சி தொட்டாற்சுருங்கியைப் பற்றியது. தொட்டால் இலை மூடிக்கொள்ளும் என்பது மலையில் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும். தொட்ட செய்தி இலை நுனியிலிருந்து தண்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் ரோஸ்லினின் கேள்வி. செடியின் ஒவ்வொரு செல்லும் ஓயாமல் புரோட்டான்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் செல்லின் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே ஒரு மின்னழுத்தம் நிற்கிறது. தொட்டவுடன் அது சரிகிறது. ஒன்று சரிந்தால் பக்கத்துச் செல்லும் சரிகிறது. செய்தி அப்படியே ஓடுகிறது. இதைக் கேட்டபோது பிலிப், அப்படியானால் ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி பேட்டரி, இதைக் கண்டுபிடிக்கவா ஐந்து வருடம் என்று கிண்டல் செய்தார். ஆனால் அந்த பேட்டரியின் துளி மின்சாரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சர்க்யூட்டைப் பற்றவைத்துக் கொடுத்தவர் அவர்தான். வெளி மின்சாரத்தின் இரைச்சல் படாமலிருக்கக் கோழிக்கூண்டு வலையை மடக்கிச் செடிக்கு ஒரு கூண்டு செய்தவரும் அவர்தான். கரண்ட் போனாலும் கருவி நிற்கக் கூடாது என்று பழைய லாரி பேட்டரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

செடியின் தண்டில் மெல்லிய கம்பி. கம்பியிலிருந்து சர்க்யூட். சர்க்யூட்டிலிருந்து பேனா. பேனாவுக்குக் கீழே மணிக்கு ஆறு சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் தாள். யாரும் தொடாவிட்டால் நேர்கோடு. தொட்டால் நெட்டுக்குத்தாக ஒரு முள் எழும்பும்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. செடியைத் தொட்டவர் உடனே தாளில் பென்சிலால் தன் முதல் எழுத்தைப் போட வேண்டும். பழைய சுருள்களில் 'பி' என்ற எழுத்து நிறைய இடங்களில் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை, பிலிப்புக்கு அந்த இலையைத் தொடாமல் இருக்க முடியாது. ரோஸ்லின் திட்டுவார். அவர் சிரித்துக்கொண்டே 'பி' போடுவார்.

டிசம்பரில் ஒரே ஒரு அளவீடு பாக்கியிருந்தது. யாருமே தொடாத செடியின் எழுபத்திரண்டு மணி நேரக் கோடு. அது நேராக இருந்தால்தான் மற்ற முட்களை நம்ப முடியும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் எழுதியிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை கெட்டுப்போயிற்று. ஒருமுறை பேனா மை உறைந்தது. ஒருமுறை எலி. ரோஸ்லினின் பதிவு டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அனுப்பாவிட்டால் ஐந்து வருடமும் வீண்.

பிலிப்புக்கு நாமக்கல்லில் மூன்று நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. ரோஸ்லின் அந்த மூன்று நாளையே தேர்ந்தெடுத்தார்.

"வியாழக்கிழமை மத்தியானம் வந்துருவேன்," என்றார் பிலிப் பைக்கை உதைத்தபடி. "அதுவரைக்கும் உன் செடிய ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"தொடற ஆளே நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப கவலையே இல்ல போ."

திங்கள் மாலை சரியாக 4 மணிக்கு ரோஸ்லின் தாளை ஓடவிட்டார். கூண்டை மூடிப் பூட்டினார். ஜன்னலைத் தாழிட்டார். கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தார். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

6.12. பின்னறையில் ஒரு சத்தம். கிர்ர்க்…

பேனா துள்ளும் சத்தம். ஐந்து வருடமாகக் கேட்டுப் பழகியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கோட்டில் ஒரு முள். கூண்டுக்குள் ஓர் இலை மூடியிருந்தது.

6.15. கிர்ர்க்… இரண்டாவது இலை.

6.18. மூன்றாவது.

அதன் பிறகு ஒன்றுமில்லை. டார்ச் அடித்துத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காற்று இல்லை. தொட்டியின் விளிம்பில் எறும்பு ஏறாமலிருக்க வேசலின் தடவியிருந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.

காரணம் தெரியாத முள் வந்தால் அளவீட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் தெரிந்தால் எழுதிவிட்டுத் தொடரலாம். ரோஸ்லின் சிறிது நேரம் பென்சிலோடு நின்றார். பிறகு மூன்று முட்களுக்கும் பக்கத்தில் எழுதினார்: எறும்பு.

செவ்வாய் காலை பக்கத்து வீட்டுக் கண்ணாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். பள்ளியில் சத்துணவு சமைப்பவர். ரோஸ்லினோடு வாயாடாமல் அவருக்குப் பொழுது விடியாது.

"ஏனுங்க டீச்சர், சாரு நேத்தே வந்துட்டாருங்களா?"

"இல்லயே. வியாழக்கிழமைதான்."

"பொழுது சாய பைக்கு சத்தம் கேட்டுதுங்களே. ஆறு ஆறேகாலு இருக்கும். நம்ம சாரு வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா."

வேறு யாராவதாக இருக்கும் என்றார் ரோஸ்லின்.

"செடிக்கு நாடி புடிக்கறதுலயே இருங்க. ஊட்டுக்காரரு வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது."

இருவரும் சிரித்தார்கள். ரோஸ்லின் உள்ளே வந்து தாளைப் பார்த்தார்.

7.40. 7.43. 7.46.

அவர் வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்த நேரம்.

எறும்பு என்று எழுதிவிட்டுப் பள்ளிக்குப் போனார். மாலை நாலரைக்குத் திரும்பி, பையை வைத்துவிட்டு, பின்னறைக் கதவில் கை வைத்தபோதே உள்ளே சத்தம் கேட்டது.

4.31. 4.34. 4.37.

அன்று மாலை அவர் பழைய சுருள்களை அவிழ்த்தார். எறும்பு ஊர்ந்தால் முள் குட்டையாக இருக்கும். காற்று பட்டால் அடி அகன்றிருக்கும். மனித விரல் பட்டால் உயரமாக எழும்பி, மெல்ல இறங்கும். புதிய முட்களைப் பழையவற்றின் மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடித்தார். உயரமாக எழும்பியவை. மெல்ல இறங்கியவை. ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தின. கீழே இருந்த தாளில் பக்கத்தில் இருந்த எழுத்து, 'பி'.

ரோஸ்லின் படித்தவர். அறிவியல் கற்பிக்கிறவர். கம்பியில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தார். பற்றவைத்த இடங்களையெல்லாம் தட்டிப் பார்த்தார். எதுவும் தளரவில்லை. எறும்பு என்று எழுதினார். இந்த முறை எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது.

புதன் காலை 8.05, 8.08, 8.11.

ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். மத்தியானம் முதல் பின்னறையில் செடிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பகல்தான். ஆனால் மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்ததால் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சாலையில் எங்கோ பஸ் ஏறும் உறுமல் கேட்டு ஓய்ந்தது.

2 மணி. 3 மணி. கோடு நேராகப் போயிற்று.

4.40. நேராக.

4.44.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே…

இலையின் நுனியில் இருந்த சிற்றிலை ஜோடி மூடியது. அடுத்தது மூடியது. அதற்கடுத்தது. நுனியிலிருந்து காம்புவரை, வரிசையாக, நிதானமாக… ஒரு விரல் தடவிக்கொண்டு போவதுபோல.

கூண்டு மூடியிருந்தது. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கிர்ர்க்…

ரோஸ்லின் எழுந்திருக்கவில்லை. மூன்று நிமிடம். அடுத்தது வரும் என்று தெரியும். கடிகாரத்தைப் பார்த்தார்.

4.47. பக்கத்து இலை. நுனியிலிருந்து காம்புவரை.

கிர்ர்க்…

4.50.

மேஜை ஓரத்தில் ஒரு சோப்பு டப்பா இருந்தது. உள்ளே ஒரு கப்பாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச். முன்பு மின்கம்பி இரைச்சல் தாங்க முடியாமல் இருந்த நாட்களில் பிலிப் செய்தது. திடீர் ஏற்றத்தையெல்லாம் விழுங்கி, கோட்டைச் சமமாக்கிவிடும். இரைச்சல் போகும், கூடவே செடி சொல்வதும் போய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். அளவீட்டின் நடுவில் அதைப் போடுவது மோசடி. அது ரோஸ்லினுக்குத் தெரியும்.

4.52-க்கு அவர் அதைச் சர்க்யூட்டில் இணைத்துச் சுவிட்சைப் போட்டார்.

4.53. நான்காவது இலை அசைந்தது. நுனி… நடு… காம்பு.

பேனா அசையவில்லை.

கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. இலை மூடிக்கொண்டிருந்தது.

"போதும்," என்றார் ரோஸ்லின். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. "யாரா இருந்தாலும் போதும். என்னை விட்டுரு."

ஐந்தாவது இலை பாதி மூடியிருந்தது.

அப்படியே நின்றது.

அதன் பிறகு எதுவும் அசையவில்லை.

வியாழக்கிழமை காலை பார்த்தபோது செடி முழுவதும் விரிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. கோடு நேராக இருந்தது. மாலை 4 மணியோடு எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்துவிடும். ஆனால் ரோஸ்லினுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பிலிப்பின் குரலைக் கேட்டால் போதும் என்று தோன்றியது. கண்ணாயியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செம்மேடு கடைவீதிக்குப் போய், எஸ்.டி.டி. பூத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போன் செய்தார். 9.50.

பயிற்சி தள்ளிப்போய்விட்டது என்றார்கள். திங்கட்கிழமையே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மலையில் அவருடைய ஆட்கள் அவர் பயிற்சியில் இருப்பதாக நினைத்திருந்தார்கள். ரோஸ்லினும் அப்படியே. நாமக்கல்லில் அவர் வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்திருந்தார்கள். மூன்று நாளாக யாரும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்து சேந்தமங்கலத்துக்குப் போன் செய்தார். அங்கே அப்பாஸ் அலி மின்சாமான் கடை வைத்திருப்பவர். மலையிலிருந்து இறங்கினாலும் ஏறினாலும் பிலிப் அந்தக் கடையில் நிற்காமல் போகமாட்டார்.

"ஏனுங்க டீச்சர்… அவரு திங்கக்கெழமையே மலைக்குக் கெளம்பிட்டாருங்களே."

"எத்தனை மணிக்கு?"

"அசர் தொழுதுட்டு வந்து பாத்தனுங்க, கடைல ஒக்காந்திருந்தாரு. நாலே முக்காலுக்குக் கெளம்பினாரு. நாந்தான் கோயம்புத்தூர்ல சொல்லி, உங்க மெசினுக்குத் தாள் ரோலு வரவழைச்சு வெச்சிருந்தனுங்க. மூணு ரோலு. டீச்சருக்குத் தெரியாது, போயி ஆச்சரியப்படுத்தணும்னாரு."



"டீச்சர்?… டீச்சர், இருக்கீங்களா?"

பூத்துக்காரர் ஜீப் பிடித்துக் கொடுத்தார். பிலிப்பின் கீழே வேலை செய்யும் சின்னராசுவும் இரண்டு லைன்மேன்களும் ஏறிக்கொண்டார்கள். மேலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக இறங்கி, விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டாவது வளைவில் தடுப்புச் சுவரை ஒட்டிப் புல் மடங்கியிருந்தது. 1.25-க்கு சின்னராசு கீழே இறங்கினார். நாற்பதடிக்குக் கீழே, லாண்டனா புதருக்குள் பைக் கிடந்தது. அதற்கும் கீழே பிலிப். தோளில் மாட்டிய பை கழலவில்லை.

கூட்டம் சேர்ந்தது. அந்தச் சரிவில் விறகு பொறுக்கும் பாப்பாயியும் வந்தார். ரோஸ்லின் யாரென்று தெரியாமல், பக்கத்தில் நின்ற கண்ணாயியிடம் மெல்லச் சொன்னார்.

"திங்கக்கெழமையிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டுட்டே இருந்துது கண்ணு. ஒண்ணு அடிக்கும். கொஞ்ச நேரம் உட்டு இன்னொண்ணு. மூணு தபா. அப்பறம் நின்னுரும்."

"வந்து பாக்கலியா அக்கா?"

"வளைவுல அடிக்காத வண்டி ஏது கண்ணு? பனி எறங்கினா எல்லா வண்டியும்தான் அடிச்சுட்டுப் போவும். அப்படித்தான் நெனச்சேன்."

எப்போதெல்லாம் என்று ரோஸ்லின் கேட்டார். பாப்பாயியிடம் கடிகாரம் கிடையாது. பஸ்ஸை வைத்துச் சொன்னார். திங்கட்கிழமை பொழுது சாய. செவ்வாய் காலை முதல் பஸ் ஏறிய பிறகு, அன்றைக்கே மறுபடி சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால். புதன் காலை. புதன் சாயங்காலம்.

"அப்பறம்?"

"நேத்து சாயங்காலத்தோட நின்னுபோச்சுங்க சாமி. நின்னுதேன்னு நெனச்சேன்."

ரோஸ்லின் அழவில்லை. சாலை ஓரத்தில் உட்கார்ந்தார். விரல் மடக்கி எண்ணினார். கண்ணாயி குனிந்து தோளைத் தொட்டபோது சொன்னார்: "ரெண்டு நாள் உசுரோட இருந்திருக்கார், கண்ணாயி. கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கார். நான் எறும்புன்னு எழுதினேன். நேத்து, போதும்னு சொன்னேன்."

திண்டுக்கல்லில் அடக்கம் நடந்தது. ஒன்பது நாள் ரோஸ்லின் சாப்பிட்டது சொற்பம், பேசியது அதைவிடக் குறைவு. கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரே ஒரு வரிதான் சொன்னார். நான் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

டிசம்பர் 19, சனிக்கிழமை. பிரேதப் பரிசோதனை அறிக்கையை வாங்கப் போனார். வயதான டாக்டர். கண்ணாயி முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொல்லியிருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"அந்த எண்ணத்தை விட்டுடும்மா. கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கு. விழுந்த உடனேயே போயிட்டார். அஞ்சு நிமிஷம்கூட இருந்திருக்க முடியாது. திங்கக்கிழமை சாயங்காலமே முடிஞ்சுபோச்சு. நீ கேட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அறிக்கையிலும் அதுவே இருந்தது.

ரோஸ்லின் ஹாரனைப் பற்றிக் கேட்டார். டாக்டருக்கு அது தெரியாது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பைக்கை எடுத்துவந்த சின்னராசு வெளியே நின்றுகொண்டிருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மொத அடியிலயே பேட்டரி பிச்சுக்கிட்டுப் போயிருக்குங்க டீச்சர். மேல பாறையில சுக்குநூறாக் கெடந்துச்சு. நாந்தான் பொறுக்கினேன். அந்த வண்டியில ஹாரன் அடிக்க வழியே இல்லீங்க."

அவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு ரோஸ்லின் மலை ஏறினார். பையில் மூன்று தாள்சுருள்கள். இரண்டு பனியில் ஊறிப்போயிருந்தன. பாலிதீனில் சுற்றியிருந்த ஒன்று காய்ந்திருந்தது.

டிசம்பர் 20, ஞாயிறு, மாலை 5 மணிக்கு அந்தச் சுருளைக் கருவியில் மாட்டினார். சோப்பு டப்பாவைச் சர்க்யூட்டிலிருந்து வெட்டி எடுத்தார். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இலையை ஒருமுறை தன் விரலால் தொட்டார். முள் எழும்பியது. பக்கத்தில் 'ரோ, 5.02' என்று எழுதினார். கூண்டைப் பூட்டினார்.

கூண்டுக்கு எதிரே நாற்காலியிலேயே இருந்தார். சுவரில் சாய்ந்தபடி தூங்கினார். கண்ணாயி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார். கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. ஓரிரு முறை, பனி இறங்கும் நேரத்தில், அந்த அறையில் ரோஸ்லின் குரல் கேட்டதாகக் கண்ணாயி சொல்கிறார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லையாம். 'வாங்க' என்று மட்டும்.

டிசம்பர் 31, மாலை 7 மணிக்குத் தாள் தீர்ந்தது. ரோஸ்லினின் பதிவும் அன்றோடு முடிந்தது. பேராசிரியர் கேட்டிருந்தது எழுபத்திரண்டு மணி நேரம். இந்தச் சுருளில் இருநூற்று அறுபத்தாறு மணி நேரம் இருக்கிறது. 5.02-க்குப் பிறகு கடைசிவரை கோடு நேராக இருக்கிறது. ரோஸ்லின் அதை யாருக்கும் அனுப்பவில்லை.